பழைய பாணி றிமோட் பக்கி காரை வன்னிக்கு எடுப்பித்து ஓட்டுவது எப்படி

பெட்டி மூடியில் மணலைக் கிளப்பியபடி பாயும் அந்த வெள்ளை நிறப் பக்கி காரின் (றிமோட்டால் மண்ணில் ஓட்டும் சிறிய மாதிரிக் கார்) படத்தைச் சிறு வயதில் ஒரு முறையாவது கண்டவர்கள் அதை மறப்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து அப்படி ஒன்று வந்திருந்தது. ஆனால் 1990களில் வன்னிக்குப் பற்றறி கொண்டுவருவதே தடுக்கப்பட்டிருந்ததால், அது அலுமாரியின் மேல் சக்கரம் சுழலாமலே இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க நினைத்து நான் இறங்கிய வேலை, பெட்டியை வாங்க முடிவெடுத்த நாளிலிருந்து கார் முதன்முறை மண்ணில் ஓடிய நாள்வரை எட்டு மாதங்களை எடுத்துக்கொண்டது. அந்த எட்டு மாதங்களில் ஐந்து மாதங்களாவது என் அறியாமையால் வீணானவை. நீங்கள் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு இதே எண்ணத்தில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் கீழுள்ளவற்றைப் படித்துவிடுங்கள்.

1. எந்தக் கார் என்பதை வர்ணத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்

சிறு வயதில் கண்ட அதே பழைய காரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜப்பானின் டமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஹோர்னெட் என்ற பக்கி காரை 2004இலும், அதே ஆண்டு வெளியான கிராஸ்ஹொப்பரை 2005இலும் மீண்டும் வெளியிட்டது. 1985இல் வந்த ஹொட்ஷொட்டும் அவ்வாறே திரும்பி வந்துவிட்டது. கியோஷோ நிறுவனத்தின் ஒப்டிமா 2016இல் மறுவெளியீடு கண்டது. இவை எல்லாம் உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவிலானவை. துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். நாமே பூட்ட வேண்டும். நாற்பது வயதான அசல் கார்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன என்றாலும், அவற்றின் பிளாஸ்ரிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், ரயர்கள் வெடித்திருக்கும். அவை அலுமாரிக்கு உரியவை. நம் ஊரில் அலுமாரியில் இருந்தது போதும்.

முதன்முறை வாங்குபவருக்கு நான் கிராஸ்ஹொப்பரையே சொல்வேன். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் எளிய அமைப்பு, குறைந்த பாகங்கள், பல்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் தூசி எளிதில் புகாத தன்மை ஆகியவற்றோடு, பலர் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. அதன் மேலுடல் கடினமான பிளாஸ்ரிக்கால் ஆனது. வெளிப்புறமாகவே வர்ணம் பூசலாம். இரும்புக் கடையில் வாங்கும் சாதாரண ஸ்பிரே வர்ணம், அடிப்பூச்சு ஒன்று பூசியபின், அதில் நன்றாகப் பிடிக்கும். ஹோர்னெட்டின் மேலுடலோ மெல்லிய, ஒளி ஊடுருவும் பொலிகார்பனேற். அதற்கு உட்புறமாக, அதற்கென்றே செய்யப்பட்ட வர்ணத்தைப் பூச வேண்டும். அழுத்த வாயு அடைத்த வர்ணப் பேணி தீப்பற்றக்கூடிய பொருளாகையால் விமானப் பொதியில் வராது. நான் இதை அறியாமல் ஹோர்னெட்டை வாங்கி, ஊர்க்கடை வர்ணத்தை அடித்து, இரண்டாம் நாளே அது செதில் செதிலாகக் கழன்றதைப் பார்த்தேன்.

வேகம் வேண்டுமென்றால் ஹோர்னெட்தான் மேல் என்பதையும் மறைக்கவில்லை. கிராஸ்ஹொப்பரில் 380 வகைச் சிறிய மோட்டரும் ஹோர்னெட்டில் 540 வகைப் பெரிய மோட்டரும் வருகின்றன. ஹோர்னெட்டின் பின்பக்க ஷொக்குகளில் எண்ணெயும் உண்டு. கிராஸ்ஹொப்பர் பெயருக்கேற்ப வெட்டுக்கிளிபோலத் துள்ளித்தான் போகும். எனக்கு அந்தத் துள்ளலில் குறையொன்றும் தெரியவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் ஹொட்ஷொட், ஒப்டிமா போன்றவற்றை இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெட்டிக்குள் இல்லாதவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். பெட்டிக்குள் காரின் பாகங்களும் மோட்டரும் இருக்கும். ஓட்டுவதற்குத் தேவையான ஏனையவை இருக்க மாட்டா. நீங்கள் தனியே வாங்க வேண்டியவை: இரண்டு சனல் கொண்ட 2.4 கிகாஹேர்ட்ஸ் றிமோட்டும் அதன் றிசீவரும், முன்சக்கரங்களைத் திருப்பும் சேர்வோ எனும் சிறு மோட்டர் (சாதாரண அளவு) ஒன்று, 7.2 வோல்ற் பற்றறி, சார்ஜர், வர்ணம். மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. எனும் கருவி சில நாடுகளுக்கான பெட்டிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஒரே கார், ஒரே படம், ஆனால் விலை குறைவாகத் தெரிந்தால், அந்தக் கருவி இல்லாத பெட்டியாக இருக்கக்கூடும். விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு விடை பெற்றபின் பணம் கட்டுங்கள்.

அச்சுகளைத் தாங்குவதற்காகப் பெட்டியோடு வரும் பிளாஸ்ரிக் புஷ்களுக்குப் பதிலாக ஒரு தொகுதி பெயாரிங்குகளையும் அதே கட்டளையில் சேர்த்துவிடுங்கள். வன்னித் தூசி புஷ்ஷினுள் போனால் அரத்தைப்போல அச்சை அராவும். முன்பக்கத் தாங்கு கைகள் ஒரு சோடியும் பின் ரயர்கள் ஒரு சோடியும் மேலதிகமாக வாங்கி வைப்பது நல்லது. ஒரு சிறு துண்டு முறிந்ததற்காக மறுபடி ஒரு பொதிக்கூலி கட்டும்போதுதான் இதன் அருமை தெரியும்.

பற்றறியில் இரு வகை உண்டு. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை பாரமானது, ஆனால் முரட்டுக் கையையும் பொறுத்துக்கொள்ளும். லிப்போ எனும் லிதியம் பொலிமர் வகை வலுவானது, ஆனால் ஒரு செல் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். தவறாக மின்னேற்றினால் தீப்பிடிக்கும். உங்கள் ஈ.எஸ்.சி.யில் லிப்போவுக்கான தானியங்கி நிறுத்தம் இல்லையென்றால் அதை நினைக்கவே வேண்டாம். இன்னொன்று: இந்தப் பழைய கார்களின் பற்றறிக் குழி உருண்டை செல்களுக்கு ஏற்ப வார்க்கப்பட்டது. சதுர விளிம்புள்ள கடினமான கூடு கொண்ட லிப்போ அதற்குள் இறங்காது. அரத்தால் குழியை அராவிப் பெரிதாக்குவோரும் உளர். நாற்பது ஆண்டு காத்திருந்து வாங்கிய காரை அராவ எனக்கு மனம் வரவில்லை.

சார்ஜரை ஜப்பானிலிருந்து எடுப்பிக்காதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ற், இங்கே 230 வோல்ற். அங்குள்ள பாவனைக்கு மட்டும் செய்யப்பட்ட சார்ஜரை இங்கே சொருகினால் புகைதான் மிஞ்சும். எனக்கு அது ஐந்து விநாடிகூட எடுக்கவில்லை. பின்பக்கத்தில் 100 முதல் 240 வோல்ற்வரை என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பற்றறி நிறைந்ததும் தானாக நிறுத்தும் வகையாகவும், 12 வோல்ற் கார் பற்றறியிலிருந்தும் வேலை செய்யும் வகையாகவும் இருந்தால், மின்தடை நாளிலும் சூரியப்படல் மட்டும் உள்ள தோட்ட வீட்டிலும் உதவும்.

3. வரியையும் சேர்த்துப் பணக் கணக்குப் போடுங்கள்

இணையத்தில் தெரியும் விலையை முழுச் செலவென்று எண்ணாதீர்கள். என் அனுபவத்தில் பெட்டியின் விலை மொத்தச் செலவின் பாதியைக்கூட எட்டவில்லை. றிமோட், சேர்வோ, பற்றறி, சார்ஜர் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ இன்னொரு பெட்டியின் விலைக்கு வந்தன. மீதி பொதிக்கூலியும் வரியும்.

சுங்கம் வரியைக் கணிப்பது பொருளின் விலைக்கு மட்டும் அன்று. பொருள், காப்புறுதி, அனுப்புகூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கு. பெட்டி 30,000 ரூபா, கூலி 12,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் கணக்கு 42,000 ரூபாவிலிருந்து தொடங்கும். 2024 ஜனவரி முதல் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம் என்பதால், அதற்கு மட்டுமே 7,560 ரூபா. உண்மையில் இது மிகக் குறைந்த கணக்கு. ஏனெனில் சுங்கத் தீர்வை, துறைமுக விமான நிலைய அறவீடு முதலியவை இருந்தால் அவை முதலில் ஏறி, அவற்றின் மேலும் வற் கணிக்கப்படும். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் தனியாக உண்டு. வீதங்கள் மாறுவதால், கட்டளை இடும் வாரத்தில் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ள தீர்வை அட்டவணையைப் பாருங்கள். விளையாட்டுப் பொருள்களும் சிறு அளவு மாதிரிகளும் 9503 என்ற தலைப்பின் கீழ் வரும். றிமோட் தனியாக வந்தால் 8526, மீள்மின்னேற்றும் பற்றறி 8507, சார்ஜர் 8504. இந்த எண்களைக் கையில் வைத்திருந்தால் அதிகாரியோடு பேசுவது மிகவும் எளிதாகும்.

அனுப்புபவரிடம் “விலையைக் குறைத்து எழுதுங்கள், அன்பளிப்பு என்று போடுங்கள்” எனக் கேட்கும் ஆலோசனையை உங்களுக்கு யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்தப் பெட்டிகளின் விலையைக் கைபேசியில் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். எழுதிய விலைக்கும் அதற்கும் பொருத்தமில்லாவிட்டால் பொதி நின்றுவிடும், தண்டமும் விழலாம்.

4. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதலாவது வழி, தபால் அல்லது கூரியர் மூலம் நேரே எடுப்பிப்பது. கூரியர் விரைவு, ஆனால் கூலி அதிகம், சுங்க வேலையைச் செய்து தருவதற்கான கட்டணமும் உண்டு. தபால் மலிவு, ஆனால் கொழும்பில் பரிசோதனைக்கு நிற்கக்கூடும், அப்போது அறிவித்தல் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தனி லிதியப் பற்றறியைத் தபாலில் போட முயல வேண்டாம்.

இரண்டாவது வழி, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பயணப்பையில். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணி மடுத் திருவிழாவுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வருவோர் பலர் என்பதால், நம் ஊரில் இதுவே இயல்பான வழி. பெட்டி பெரிதென்றாலும் உள்ளே காற்றுத்தான் அதிகம். பாகங்களை உடுப்புகளுக்கிடையே அடுக்கி, அட்டைப் பெட்டியைத் தட்டையாக மடித்துக் கொண்டுவரலாம். லிப்போ பற்றறியைக் கைப்பையில் மட்டுமே, முனைகளை நாடா சுற்றி மூடிக் கொண்டுவர வேண்டும். விமான நிறுவனங்கள் பொதுவாக 100 வாற் மணிவரை (Wh) தனி அனுமதியின்றி விடுகின்றன; 7.4 வோல்ற், 5,000 மில்லி அம்பியர் மணி பற்றறி 37 வாற் மணிதான். கொண்டுவருபவரிடம் விற்பனைச் சீட்டையும் கொடுத்துவிடுங்கள். பெரியம்மாவின் மகனை நான் சீட்டில்லாமல் வரச் செய்து, கட்டுநாயக்காவில் ஒன்றரை மணி நேரம் விளக்கம் சொல்ல வைத்தேன். அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மூன்றாவது வழி, கொழும்பில் உள்ள மாதிரி வண்டிக் கடைகளில் கிடைப்பதை வாங்குவது. விலை கூடுதல்தான். ஆனாலும் றிமோட், சேர்வோ, பற்றறி, சார்ஜர் நான்கையும் அங்கே வாங்கிவிட்டு, பெட்டியை மட்டும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதே என் முடிவு. காரணம் பின்வரும் பகுதியில் உண்டு. யாழ்தேவி ரயிலில் காலையில் ஏறினால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறங்கிவிடலாம். பேருந்தின் மேற்தட்டில் பெட்டி நசுங்குவதைவிட இது மேல்.

5. ஆவணங்களை ஒரே கோவையில் வையுங்கள்

தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், விற்பனைச் சீட்டின் அச்சுப் பிரதி, வங்கியிலிருந்து பணம் போனதற்கான சான்று, பொதியின் தொடரிலக்கம், பொருளின் படமும் விபரமும் உள்ள பக்கத்தின் அச்சு, தபால் அறிவித்தல். வேறொருவர் உங்களுக்காகப் பொதியை எடுக்கப் போகிறார் என்றால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே பொதியிலும் இருக்க வேண்டும். நான் வீட்டில் என்னை அழைக்கும் பெயரைப் போட்டுக் கட்டளை இட்டதால், அந்தப் பெயர் என்னுடையதே என்று நிறுவுவதற்குக் கிராம அலுவலரிடம் கடிதம் எடுக்க நேர்ந்தது. அதற்கு மட்டும் பதினொரு நாள்கள்.

றிமோட் ஒரு வானொலி அலைபரப்பி. அவ்வகைக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சுங்கம் அதன் அனுமதியைக் கேட்டுப் பொதியை நிறுத்தலாம். தனியே எடுப்பிப்பதானால், கருவியின் மாதிரி எண்ணையும் அலைவரிசையையும் எழுதி ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களின் பதிலை அச்சிட்டு வையுங்கள். கொழும்பில் கடைச் சீட்டோடு வாங்கினால் இந்த அலைச்சல் இல்லை. பழைய 27 மெகாஹேர்ட்ஸ் றிமோட்டை ஆசைக்காக எடுப்பிக்கவே வேண்டாம்.

விபரத்தில் “றிமோட் கொன்றோல்” என்று மட்டும் எழுதியிருந்தால் ட்ரோன் என்று ஐயுறுவார்கள். “தரையில் ஓடும் மாதிரிக் கார், பூட்டப்படாத தொகுதி” என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

6. காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வன்னியில் இந்தக் காரை ஓட்டக்கூடிய காலம் வைகாசியிலிருந்து புரட்டாதிவரை. ஐப்பசியில் வாடை மழை தொடங்கினால் தைவரை மண் சேறுதான். எனவே தையில் கட்டளை இட்டு, மாசியிலும் பங்குனியிலும் பொதி வந்து சேர இடம் விட்டு, சித்திரை விடுமுறையில் பூட்டுவது பொருத்தமாக இருக்கும். வர்ணத்தைக் காய்ந்த காலை நேரத்தில் அடியுங்கள். ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை படரும்.

7. பூட்டுதல்

மூன்று மாலைகள் போதும், அவசரப்படாவிட்டால். பெட்டியிலுள்ள திருகாணிகள் சாதாரண நட்சத்திரத் திருகாணிபோலத் தோன்றினாலும் ஜப்பானிய அளவினவை. நம் கடைத் திருப்புளி தலையை வழித்துவிடும். ஜப்பானியத் தரத்திலான திருப்புளி ஒன்றைப் பெட்டியோடு எடுப்பியுங்கள். திருகாணி பிளாஸ்ரிக்கில் தானே புரி வெட்டிக்கொண்டு இறங்குவது. இறுகியது தெரிந்ததும் நிறுத்துங்கள். திருகாணி கழலாமல் பிடிக்கும் புரிப் பசையை உலோகத்தோடு உலோகம் சேருமிடத்தில் மட்டும் தொடுங்கள். பிளாஸ்ரிக்கில் பட்டால் அது வெடிக்கும். கிறீஸ் பல்சக்கரப் பெட்டிக்குள் மட்டும். வெளியே பூசினால் மணலைப் பிடித்து வைக்கும்.

சேர்வோவைக் காரில் பூட்டுவதற்கு முன் றிமோட்டோடு இணைத்து, சுக்கானை நடுவில் வைத்து, அதன்பின் சேர்வோவின் கையைப் பூட்டுங்கள். இதைத் தவறவிட்டால் கார் எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும், மறுபடி பாதிக் காரைக் கழற்ற வேண்டும். முதலில் றிமோட்டைப் போட்டு, பிறகு காரைப் போடுவதும், நிறுத்தும்போது முதலில் காரை நிறுத்துவதும் கைப்பழக்கமாக வேண்டும்.

8. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் எனக்குப் போதும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. முகமாலைப் பக்கத்தை எல்லோரும் அறிவோம். ஆனால் பாவனையில்லாத பற்றைக்காடு எங்கிருந்தாலும் ஐயத்தோடு பாருங்கள். நாளாந்தம் ஆட்கள் நடமாடும், பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானத்தில் மட்டும் ஓட்டுங்கள். தொடர்பு அறுந்தால் கார் தானே நிற்கும்படி றிமோட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. அதைச் சரிசெய்து, சக்கரங்களை நிலத்திலிருந்து தூக்கி வைத்து, றிமோட்டை நிறுத்திச் சோதித்த பின்பே இறங்குங்கள். மண்டையோட்டுப் பலகைக்கோ அடையாள நாடாவுக்கோ அப்பால் கார் போய்விட்டால், அது போனதுதான். எடுக்கப் போகாதீர்கள், பிள்ளைகளையும் போக விடாதீர்கள். கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அனுமதியையும் முன்பே பெறுங்கள். பாடசாலை மைதானமென்றால் அதிபரிடம், கோயில் வீதியென்றால் பரிபாலன சபையிடம். குளக்கட்டின் மேல் ஓட்டாதீர்கள். வயரும் பற்றறியும் அன்ரெனாவும் கொண்ட பொருளைப் பையில் வைத்துக்கொண்டு போகும்போது, யாரேனும் மறித்துக் கேட்டால் காட்டுவதற்குக் கடைச் சீட்டும் பெட்டி மூடியின் படமும் கைபேசியில் இருக்கட்டும்.

மண்ணைப் பொறுத்தவரை, இறுகிய செம்மண்ணும் கோடையில் நீர் வற்றிய குளத்து ஓரத்தின் காய்ந்த தரையும் சிறந்தவை. கிரவல் வீதி ரயரைத் தின்னும். அரிவு வெட்டிய வயலின் தாள் சிறிய முன்சக்கரங்களில் சிக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் பெட்டி மூடிப் படத்தைப்போலவே இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அங்கே போக ஆசை வரும். ஈர மணலைத் தவிர்த்து ஒரு முறை போய் வாருங்கள், ஆனால் உப்பு எல்லாத் திருகாணியிலும் துரு ஏற்றும். சோளகம் வீசும் பிற்பகலில் தூசி மிதமிஞ்சி இருக்கும். காலை ஆறரைக்குப் போவது நல்லது. 3,000 மில்லி அம்பியர் மணி பற்றறி ஒன்று ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். அடுத்ததைப் போடுவதற்கு முன் மோட்டரைப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். நம் வெயிலில் அதைக் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும்.

9. ஓட்டி முடித்ததும்

காரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். வர்ணத் தூரிகையால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, கடற்கரைக்குப் போயிருந்தால் திருகாணிகளுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். பற்றறி ஆறியபின் மட்டும் மின்னேற்றுங்கள். 3,000 மில்லி அம்பியர் மணி பற்றறிக்கு 2 அம்பியர் சார்ஜர் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும், அதுவரை அருகில் இருங்கள்.

மழைக்காலத்தில் ரயர்கள் தட்டையாகாதபடி காரை ஒரு மரக்கட்டையின் மேல் சக்கரம் தொங்க வையுங்கள். லிப்போவாயின் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில் தனியே ஓர் இரும்புப் பெட்டியில் வையுங்கள். நிக்கல் வகையை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து ஏற்றி வையுங்கள். றிமோட்டில் உள்ள சிறு பற்றறிகளைக் கழற்றுவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அவை உள்ளே கசிந்தால் வைகாசியில் மறுபடி கொழும்புக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.